வீட்டுப்படி கூடுதலாக வந்துவிட்டதா? கடனைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் முறை

அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்திருக்கும் தமிழர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான அத்தியாயம் இது. பச்சை அட்டையோடு சேர்ந்தவர்கள் உண்டு; 2008-இல் அறிவிக்கப்பட்ட மாவ்னி திட்டத்தில் தமிழ் தெரியும் என்ற தகுதியைக் காட்டிச் சேர்ந்தவர்களும் உண்டு. எந்த வழியில் சேர்ந்திருந்தாலும், பி.ஏ.எச். எனப்படும் வீட்டுப்படி தவறுதலாகக் கூடுதலாக வந்து, பிறகு அரசு அதைத் திருப்பிக் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி மனுவைப் பார்க்கும் அதிகாரி உங்களுக்குப் பணக் கஷ்டம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்தப் பணம் உங்களுடையது அல்ல என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது, எப்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் பார்க்கிறார். பிள்ளையின் பள்ளிச் செலவு, ஊரில் அப்பாவின் ஆபரேஷன் என்று நான்கு பக்கம் உருக்கமாக எழுதியும் மனு தோற்பது இதனால்தான்.

கடன் எங்கிருந்து வருகிறது

வீட்டுப்படியின் தொகையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பதவித் தரம், பணியிடத்தின் ஜிப் கோடு, சார்ந்திருப்போர் உண்டா இல்லையா. இவற்றில் ஒன்று மாறி, அந்த மாற்றம் கணினியில் ஏறாவிட்டால் கூடுதல் பணம் வரத் தொடங்கும். அடிக்கடி நடப்பவை இவை:

• விவாகரத்துக்குப் பிறகும் 'சார்ந்தோருடன்' என்ற விகிதம் தொடர்வது.
• அரசுக் குடியிருப்புக்கோ பேரக்ஸுக்கோ குடிபோன பிறகும் படி நிற்காமல் வருவது.
• கணவன் மனைவி இருவருமே ராணுவத்தில் இருக்க, ஒரே பிள்ளையைக் காட்டி இருவருக்கும் உயர்ந்த விகிதம் ஏறிவிடுவது.
• பி.சி.எஸ். எனப்படும் பணியிட மாறுதலுக்குப் பிறகு பழைய ஊர் அல்லது தவறான ஊரின் ஜிப் கோடு பதிவில் நிற்பது.
• நேஷனல் கார்டு, ரிசர்வ் வீரர்களின் பணி உத்தரவு முடிந்த பிறகும் படி ஓடிக்கொண்டிருப்பது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணம் மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்திருக்கும். விவாகரத்துத் தீர்ப்பும் அங்கேயே வந்திருக்கும். வழக்குப் போட்ட தேதி, தீர்ப்பு வந்த தேதி, நகல் கைக்கு வந்த தேதி என மூன்று தேதிகள் இருக்கும். கணக்குக்கு முக்கியம் தீர்ப்பின் தேதி. நகல் தாமதமாக வந்ததால் தகவலும் தாமதமாகக் கொடுத்திருந்தால், எப்போது விண்ணப்பித்து எப்போது வாங்கினீர்கள் என்பதற்கு நீதிமன்றத்தின் முத்திரையே சாட்சி. அந்தப் பக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள்.

படி 1: கடன் சரிதானா என்று பாருங்கள்

கடிதம் வந்ததும் தள்ளுபடி மனுவில் இறங்காதீர்கள். கடனே தவறாக இருந்தால் தள்ளுபடி கேட்பது வீண் வேலை. தள்ளுபடி கேட்டால் "கடன் உண்மைதான், மன்னியுங்கள்" என்று சொன்னதாகிவிடும். கடன் தவறு என்று மறுப்பது வேறு வழி.

கடிதத்தில் நான்கு விவரங்கள் இருக்க வேண்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, மாதம் எவ்வளவு கூடுதல், மொத்தம் எவ்வளவு, காரணம் என்ன. இல்லாவிட்டால் மாதவாரிக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்தந்த ஆண்டின் அதிகாரபூர்வ வீட்டுப்படி அட்டவணையை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். விகிதம் ஆண்டுதோறும் ஜனவரியில் மாறும். இரண்டு ஆண்டுகளுக்கு நீளும் கடனில் இரண்டு விகிதங்கள் இருந்தாக வேண்டும்.

கவனம்: மறுப்புத் தெரிவிக்கக் கடிதத்தில் ஒரு கெடு போட்டிருக்கும். அந்தத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். கெடு தாண்டினால் பிடித்தம் தானாகத் தொடங்கிவிடும்.

படி 2: சம்பளச் சீட்டுகளைத் திரட்டுங்கள்

எல்.ஈ.எஸ். எனப்படும் சம்பளச் சீட்டுதான் இந்த வழக்கின் முதல் சாட்சி. கடன் தொடங்குவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்து கடிதம் வந்த மாதம் வரை அத்தனை சீட்டுகளையும் மைபே தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்து, தேதி வரிசையில் வையுங்கள். பணியிலிருந்து விலகப்போகிறவர்கள் விலகுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பிறகு தளத்தில் நுழைவதே பெரும்பாடு.

சீட்டில் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. மேலே இடது பக்கத்தில் படிகளின் பட்டியல் இருக்கும்; வீட்டுப்படித் தொகை அங்கே. நடுப்பகுதியில் 'பி.ஏ.கியூ. டைப்' என்ற கட்டத்தில் சார்ந்தோர் உண்டா இல்லையா என்பதும், 'வி.எச்.ஏ. ஜிப்' என்ற கட்டத்தில் எந்த ஊரின் விகிதம் என்பதும் இருக்கும். பி.ஏ.கியூ., வி.எச்.ஏ. இரண்டும் பழைய வீட்டுப்படிகள்; அவற்றை இணைத்து 1998 ஜனவரியில் பி.ஏ.எச். கொண்டுவந்தார்கள். ஆனால் சீட்டில் பழைய பெயர்கள் அப்படியே நிற்கின்றன. இளம் வீரர்கள் பலர் அந்தக் கட்டத்தைப் பார்த்தும் பார்க்காமல் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கடைசியாக, அடியில் உள்ள குறிப்புப் பகுதி. 'விகிதம் மாற்றப்பட்டது' போன்ற ஒரு வரி அங்கே இருந்தால், தள்ளுபடி அதிகாரி அதைத்தான் முதலில் காட்டுவார்.

படி 3: 'தெரிந்த தேதி'ப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: மாதம், சீட்டில் என்ன இருந்தது, அன்று எனக்கு என்ன தெரியும். கடன் காலத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி. மூன்றாவது பத்தியில் பொய் வேண்டாம். மனுவின் வெற்றி தோல்வி இந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

சட்டம் இதுதான். அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பு, 2774-ஆம் பிரிவின்படி, பணத்தைத் திருப்பி வாங்குவது நியாயத்துக்கும் மனச்சாட்சிக்கும் முரணானது, அரசின் நலனுக்கும் உகந்ததல்ல என்றால் தள்ளுபடி செய்யலாம். வீரரிடமோ, தள்ளுபடியால் பயனடையும் வேறு எவரிடமோ மோசடி, பொய்த் தகவல், தவறு, நல்லெண்ணமின்மை இருந்தால் செய்யக் கூடாது. 'வேறு எவரும்' என்பதில் மனைவியோ கணவரோ அடக்கம். சீட்டைப் பார்க்காமல் விட்டதும் 'தவறு' என்றே கொள்ளப்படும். பதவியும் பணி அனுபவமும் கூடக்கூட, உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடும். பயிற்சி முடித்த புது வீரருக்குக் கிடைக்கும் சலுகை, 15 ஆண்டு பணி செய்த சார்ஜென்ட்டுக்குக் கிடைக்காது.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விவாகரத்து ஆனதும் ஒருவர் ஒழுங்காகப் படிவம் கொடுக்கிறார். யூனிட் அதைக் கிடப்பில் போடுகிறது. பழைய விகிதம் ஆறு மாதம் தொடர்கிறது. "நான்தான் சொல்லிவிட்டேனே, தவறு அவர்களுடையது" என்று மனுப் போடுகிறார். தள்ளுபடி கிடைப்பது அரிது. தகவல் கொடுத்தவருக்குப் பணம் தன்னுடையது அல்ல என்று தெரிந்துதானே இருக்கிறது? தெரிந்த நாளிலிருந்து அதைத் தொடாமல் தனியே வைத்திருந்து, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. தகவல் கொடுத்ததால் மோசடிக் குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்கலாம், கடனிலிருந்து அல்ல.

எது நிற்கும்? கூடுதல் தொகைக்கு இயல்பான வேறு காரணம் இருந்தது, சந்தேகம் வந்ததும் நிதிப் பிரிவில் கேட்டீர்கள், சரியான தொகைதான் என்று பொறுப்பான அதிகாரி பதில் சொன்னார், அந்தப் பதில் எழுத்தில் இருக்கிறது. இந்த நான்கும் சேர்ந்தால் மனு வலுவானது. வாய்ப்பேச்சில் கிடைத்த உறுதிக்கு மதிப்புக் குறைவு. வாய்ப்பேச்சுதான் நடந்தது என்றால், பேசியவரின் பெயர், பதவி, தேதியை எழுதுங்கள். உடன் இருந்தவர் ஒருவரிடம் கையெழுத்திட்ட வாக்குமூலம் வாங்குங்கள்.

படி 4: படிவமும் விளக்கக் கடிதமும்

படிவத்தின் எண் டிடி 2789. கடன் கடிதம், சம்பளச் சீட்டுகள், மாறுதல் உத்தரவு, மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் இணைப்பு எண் கொடுங்கள். தமிழ்ச் சான்றிதழ் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும், 'இது சரியான மொழிபெயர்ப்பு' என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட குறிப்பையும் சேருங்கள். அந்த வேலையை நீங்களோ உங்கள் வீட்டாரோ செய்ய வேண்டாம். மூன்றாம் மனிதர் ஒருவரிடம் கொடுங்கள்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம், மிஞ்சினால் ஒன்றரை. அதன் போக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கற்பனையான ஒரு மாதிரி இதோ. (நீங்கள் கொடுப்பது ஆங்கிலத்தில் இருக்கும்.)

"2023 ஜூன் 1-இல் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஜூன் 5-இல் புதிய தளத்தில் சேர்ந்தேன் (இணைப்பு 1). ஜூன் இறுதிச் சீட்டில் வீட்டுப்படி கூடியிருந்தது (இணைப்பு 2). பதவியும் ஊரும் ஒரே மாதத்தில் மாறியதால் கூடியது இயல்பு என்று எண்ணினேன். இருந்தாலும் ஜூலை 6-இல் தொகை சரியா என்று நிதிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் கேட்டேன் (இணைப்பு 3). சரியே என்று ஜூலை 10-இல் பதில் வந்தது (இணைப்பு 4). தவறான ஜிப் கோடு பதிவாகியிருந்தது என்று 2024 பிப்ரவரி 20-ஆம் தேதியிட்ட கடிதத்தில்தான் முதன்முதலாக அறிந்தேன் (இணைப்பு 5). அதன் பிறகு வந்த கூடுதல் தொகையைச் செலவிடவில்லை. அதற்குத் தள்ளுபடியும் கேட்கவில்லை."

கடைசி வரியைக் கவனியுங்கள். கடன் பற்றி அறிவித்த பிறகு வந்த பணத்துக்குத் தள்ளுபடி கேட்பது மனு முழுவதன் நம்பகத்தையும் கெடுக்கும். முழுத் தொகைக்குத் தகுதி இல்லாவிட்டால், உங்களுக்குத் தெரியாதிருந்த மாதங்களுக்கு மட்டும் கேளுங்கள். பகுதித் தள்ளுபடி கொடுப்பது வழக்கத்தில் உள்ளதுதான்.

இந்த மாதிரியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'வி.எச்.ஏ. ஜிப் கட்டத்தில் தவறான எண் இருந்ததே, பார்க்கவில்லையா?' என்று கேட்பார்கள். அவர்கள் கேட்கும் முன் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்: பார்த்தேன், புது ஊரின் எண் எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் கேட்டேன்; அல்லது, பார்க்கவில்லை, ஆனால் தொகை பற்றிக் கேட்டேன். எது உண்மையோ அது.

படி 5: கொடுக்கும் இடமும் கெடுவும்

பணியில் இருப்பவர்கள் யூனிட்டின் நிதிப் பிரிவு மூலம் கொடுக்க வேண்டும். அங்கிருந்து டிஃபாஸ் எனப்படும் பாதுகாப்பு நிதிக் கணக்குச் சேவைக்குப் போகும். விலகியவர்கள் கடன் கடிதத்தில் உள்ள டிஃபாஸ் முகவரிக்கு நேரடியாக அனுப்பலாம். கடலோரக் காவல் படை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருவதால் அவர்களுக்குத் தனி அலுவலகம்.

தவறான பணம் கண்டுபிடிக்கப்பட்ட தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். 5 ஆண்டு இருக்கிறதே என்று ஆற அமர இருக்காதீர்கள். மின்னஞ்சல்கள் அழிந்துபோகும், பதில் சொன்ன அதிகாரி மாறுதலில் போய்விடுவார்.

மனுப் போட்டதால் மட்டும் பிடித்தம் நிற்காது. முடிவு வரும்வரை பிடித்தத்தை நிறுத்திவைக்கும்படி தனியாக ஒரு வரியில் கேளுங்கள். மறுத்தால், தவணையைக் குறைக்கக் கேளுங்கள். விலகியவர்கள் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்: கட்டாமல் விட்ட கடனுக்கு வட்டி ஏறும், கருவூலத் துறைக்குப் போனால் வருமான வரி ரீஃபண்டிலேயே பிடித்துக்கொள்வார்கள்.

பாதுகாப்புக் குறிப்புகள்

• படிவத்தில் பொய் எழுதினால் ராணுவ நீதிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு பாயும். கடனைத் தீர்க்கப் போய் வேலையை இழக்க வேண்டாம்.
• நடந்தது தவறுதல் என்பதைத் தாண்டி விசாரணை வாடை அடித்தால், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் ராணுவ வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் இல்லை.
• தளத்தின் சட்ட உதவி அலுவலகமும் இலவசம். 'தள்ளுபடி வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் நிறுவனங்களை அண்டவிடாதீர்கள்.
• சமூகப் பாதுகாப்பு எண் உள்ள தாள்களைச் சாதாரண மின்னஞ்சலில் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் அறவே கூடாது.
• நிலுவைக் கடன் ரகசியப் பணி அனுமதியைப் பாதிக்கக்கூடும். மனு நிலுவையில் இருக்கும்போதும், பிடித்தம் நிறுத்தப்படாத வரை தவணை தவறாமல் போகட்டும்.
• கையில் காசில்லாமல் அவசரக் கடனுக்கு வட்டிக் கடைக்குப் போகாதீர்கள். ஆர்மி எமர்ஜென்சி ரிலீஃப், நேவி-மெரின் கோர் ரிலீஃப் சொசைட்டி, ஏர் ஃபோர்ஸ் எய்ட் சொசைட்டி ஆகியவை வட்டியில்லாக் கடன் தருகின்றன.

மறுத்துவிட்டால்

மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருக்கும். அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். டோஹா எனப்படும் பாதுகாப்பு விசாரணை, மேல்முறையீட்டு அலுவலகம் அதை முடிவு செய்யும். மனுவை மறுத்த அலுவலகம் வழியாகவே அது போக வேண்டும். பழைய கடிதத்தையே இன்னும் கோபமாகத் திருப்பி எழுதுவதில் பயனில்லை. புதிய சான்று ஒன்றாவது வேண்டும்.

பணக் கஷ்டத்துக்கு இடமுள்ள வழி வேறு: ரெமிஷன் எனப்படும் கடன் ரத்து. இதில் குடும்ப வரவு செலவு, அநீதி இரண்டையும் பார்ப்பார்கள். தரைப்படையினருக்கு டிஏ 3508 படிவம். மற்றப் படையினர் தங்கள் நிதிப் பிரிவில் கேட்டு அவர்களுக்கான வழியில் போடலாம். தள்ளுபடி மனுவில் ஒதுக்கிவைத்த பள்ளிக் கட்டணத்தையும் மருத்துவ பில்லையும் இங்கே தாராளமாக வையுங்கள். கடன் பாக்கி நிற்கும்போதே போட்டுவிடுவது நல்லது.

அதுவும் ஆகவில்லை என்றால், ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம் இருக்கிறது. படிவம் டிடி 149, தவறு தெரியவந்த 3 ஆண்டுக்குள். 'கடனை மன்னியுங்கள்' என்று இங்கே கேட்கக் கூடாது. 'படி பெறும் தகுதி இந்தத் தேதி வரை இருந்ததாகப் பதிவைத் திருத்துங்கள்' என்று கேட்க வேண்டும். பதிவு திருந்தினால் கடனுக்கு அடிப்படையே இருக்காது.

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுவதும் உரிமைதான். முடிவை அவர்கள் மாற்ற முடியாது. கிடப்பில் கிடக்கும் கோப்பை நகர்த்த முடியும். கூட்டமாகக் குரல் எழுந்தால் இன்னும் பெரியதும் நடக்கும். கலிபோர்னியா நேஷனல் கார்டில் ஆயிரக்கணக்கான வீரர்களிடம் பழைய சேர்க்கை ஊக்கத்தொகையைத் திருப்பிக் கேட்ட விவகாரம் 2016 அக்டோபரில் செய்தித்தாளில் வெடித்தது. சில நாட்களிலேயே பாதுகாப்புச் செயலர் ஆஷ் கார்ட்டர் வசூலை நிறுத்திவைக்க உத்தரவிட்டார். அது வீட்டுப்படி அல்ல, ஊக்கத்தொகை. தனி ஒருவரின் கோப்புக்கு அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கிடைத்துவிட்டால்

தள்ளுபடி உத்தரவு வந்த அடுத்த இரண்டு மாதச் சீட்டுகளைப் பாருங்கள். பிடித்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உத்தரவின் நகலோடு நிதிப் பிரிவுக்குப் போங்கள். அதுவரை பிடித்த பணத்தையும், நீங்களாகக் கட்டிய பணத்தையும் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தள்ளுபடி அமலுக்கு வந்த தேதியிலிருந்து 2 ஆண்டுக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும்.